கொண்டு கொடுத்தல்

யூரா மலை முழுக்கச் சுண்ணாம்பு.
அதன் வயிற்றுக்குள் இறங்குகிற மழை
வெறுங்கையோடு வெளியே வருவதில்லை.
பீல் நகரில் குழாயைத் திறந்தால்
மலையும் கொஞ்சம் சேர்ந்தே விழும்.
கெட்டிலின் அடியைப் பாருங்கள்,
வெள்ளைச் செதில்.

குடிக்க நல்லது.
கடிகார முகம் கழுவ ஆகாது.

எங்கள் தொழிற்சாலையில் முகங்களுக்கு வெள்ளி பூசி
மூன்று முறை அலசிக் காயவைப்பார்கள்.
கடைசி அலசலில் ஒரே ஒரு சொட்டு
சுண்ணாம்பை ஒளித்துவைத்துக் காய்ந்தால்
பன்னிரண்டுக்கும் ஒன்றுக்கும் நடுவே ஒரு வளையம்.
நாற்பது பிராங்க் குப்பைக்கு.

அதனால் நிலவறையில் இரண்டு தொட்டிகள்.
இந்த ஊருக்கே ஜெர்மனில் ஒரு பெயர், பிரெஞ்சில் ஒரு பெயர்.
தொட்டிகளுக்கு நான் வைத்த பெயர் பதிவேட்டில் இல்லை:
மூத்தாள், இளையாள்.

உள்ளே பிசின் மணிகள்,
வெந்த ஜவ்வரிசியில் குங்குமப்பூ விழுந்த நிறம்.
வடிகட்டுகிறது என்பார்கள் மேலே அலுவலகத்தில்.
இல்லை, பண்டமாற்று.
உமணர் வண்டியை நிறுத்தி உப்பளந்து
நெல் வாங்கிய அதே வியாபாரம்.
சம்பந்தம் பேசாத கொண்டு கொடுத்தல்.
மூத்தாள் ஒரு கால்சியத்தைப் பிடித்தால்
இரண்டு ஹைட்ரஜனை விடுவாள்.
சோடியத்துக்கு ஒன்றுதான். கணக்கில் கறார்.
புளித்துப்போய் வெளிவரும் நீரில்
இளையாள் குளோரைடை, சல்ஃபேட்டை வாங்கிக்கொண்டு
ஹைட்ராக்சைடைத் தருவாள்.
அவள் தந்ததும் இவள் தந்ததும் சந்தித்தால்
வேறொன்றும் ஆவதில்லை,
தண்ணீர்தான் ஆகின்றன.
இதை முதன்முதலாகப் படித்த இரவு
நான் கடைசிப் பேருந்தைத் தவறவிட்டேன்.

அந்த நீருக்குப் பசி அதிகம்.
செம்புக் குழாய் கிடைத்தால் அரித்துத் தின்னும்.
மின்சாரம்கூட அதில் கால்வைக்க யோசிக்கும்;
அந்த யோசனையைத்தான் மீட்டர் அளக்கிறது.

வியாழன் அதிகாலை இரண்டு நாற்பது.
மீட்டரில் 0.8. தேநீர் ஊற்றித் திரும்பினால் 3.
பிறகு 11.
இளையாளிடம் கொடுக்க இனி ஒன்றுமில்லை.
சிலிக்கா அவளைத் தாண்டி
சீட்டில்லாமல் நடந்து போய்க்கொண்டிருந்தது.

மேலே கூப்பிட்டேன். மிரேய் எடுத்தாள்.
“அலசலை நிறுத்து.”
“தொள்ளாயிரம் முகம் ஈரத்தில் நிற்கிறது, தயாபரி.”
“நிற்கட்டும். காய விடாதே.”
அவள் பிரெஞ்சில் என் பரம்பரையை விசாரித்தாள்.

அடியிலிருந்து நீரை மேல்நோக்கித் தள்ளினேன்.
மணிகள் எழுந்து புரண்டு அழுக்கை உதறின.
பிறகு ஒருத்திக்கு அமிலம், ஒருத்திக்குக் காரம்.
முகக்கவசத்துக்குள் என் மூச்சே எனக்கு இரைச்சல்.
நான்கு நாள் பற்றிவைத்திருந்த மலையை
மணிகள் மனமுவந்து விடவில்லை,
எதிரே வருகிற கூட்டத்தின் நெரிசலில் விட்டன.

கழிவை நடுநிலைத் தொட்டியில் கலக்கி
ஏழு புள்ளி நான்கில் நிறுத்தித் திறந்துவிட்டேன்.
கல் அழியவில்லை. ஏரிப்பக்கம் போகிறது,
நான் ஊற்றியதன் உப்பும் துணைக்கு.

ஐந்து ஐம்பதுக்கு மீட்டர் 0.2.

ஏழு மணிக்கு ஊர்ஸ் ஹேபர்லி வந்து
மூன்று மணி நேரம் எங்கே போனது என்றார்.
கடிகாரம் செய்கிற இடத்தில்
கேட்க வேண்டிய கேள்விதான்.
பதிவேட்டைக் காட்டினேன்.

தொள்ளாயிரத்தில் ஒன்றே ஒன்று, தட்டின் ஓரத்தில் இருந்தது,
காய்ந்துவிட்டதாம்.
மிரேய் அதை என் சட்டைப்பையில் போட்டாள்,
பேசாமல்.
பேருந்தில் எடுத்துப் பார்த்தேன்.
முள் பொருத்தாத முகம். நாலுக்குப் பக்கத்தில்
வெளிறிய வட்டம்.
நகத்தால் சுரண்டினேன். சிலிக்கா, நகத்துக்கு மசியாது.
யாரும் பார்க்கவில்லை என்று
நாக்கில் வைத்துப் பார்த்தேன்.
ருசி இல்லை.